எமது இலச்சினையும் அதில் மறைந்திருந்த மொட்டும்

நூற்றாண்டு மலரின் அட்டைக்காக எமது பாடசாலை இலச்சினையைப் பெரிதாகவும் தெளிவாகவும் வரைந்து தரும்படி மலர்க்குழுவினர் என்னைக் கேட்டபோது, ஒரு வாரத்து வேலை என்றுதான் நினைத்தேன். கணினியில் வரைவது என் தொழில். விளம்பரப் பலகை, பொதி உறை, கலியாண அழைப்பிதழ் என்று இருபது வருடங்களாக வரைந்துகொண்டிருக்கிறேன். ஆனால் இந்த ஒரு சின்னத்துக்கு ஐந்து மாதம் பிடித்தது. அந்த ஐந்து மாதத்தில் நான் அறிந்துகொண்டவை என்னோடு நின்றுவிடக் கூடாது. ஆகவே அக்காமாருக்கும் தங்கைமாருக்குமாக இதை எழுதுகிறேன்.

முதலில், எமது இலச்சினையில் என்ன இருக்கிறது என்று நினைவூட்டிக்கொள்வோம். ஒரு கேடயம். அதன் மேற்பாதி நீலம், கீழ்ப்பாதி பச்சை. இரண்டுக்கும் நடுவே மூடுபனிபோல வளைந்தோடும் ஒரு வெள்ளைப் பட்டை. மேலே ஒரு குத்துவிளக்கு, கீழே ஒரு தேயிலைக் கொழுந்து. கேடயத்தின் அடியில் ஒரு நாடா, அதிலே ‘ஒளியும் உழைப்பும்’ என்ற மகுடவாசகம். இதைக் கழுத்துப்பட்டியிலும் சட்டைப் பையிலும் அணிந்துதான் நாம் வளர்ந்தோம். பட்டிப்பொல நிலையத்தில் விடியற்காலைக் குளிரில் புகையிரதத்துக்குக் காத்துநின்ற நாட்களில், அந்தச் சின்னத்தைக் கண்டுதான் விடுதிக்குத் திரும்பும் பிள்ளைகள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வோம்.

இவ்வளவு பழகிய சின்னத்தை வரைய உட்கார்ந்தபோது எனக்குக் கிடைத்தவை நான்கு பிரதிகள்: வாயிற்சுவரிலுள்ள சீமெந்து உரு, அண்மைக்காலக் கடிதத்தலைப்பு, சட்டைப் பையில் தைக்கும் துணிச்சின்னம், பரிசளிப்பு விழா நிகழ்ச்சிநிரல் ஒன்றின் அட்டை. நான்கும் நான்கு விதம். விளக்கின் திரி ஒன்றில் ஐந்து, இன்னொன்றில் மூன்று. மூடுபனிப் பட்டை ஒன்றில் நேர்கோடாகவே போய்விட்டது. கொழுந்தோ நான்கிலும் ஒரே அளவான மூன்று தடித்த இலைகளாக இருந்தது. ‘இரண்டு இலையும் ஒரு மொட்டும்’ என்று காலைக்கூட்டத்தில் எமக்குச் சொல்லித் தந்த அந்த மொட்டை எதிலும் காணவில்லை.

எந்தப் பிரதியை நம்புவது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இலச்சினைகளின் வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

இலச்சினை வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். கேடய வடிவம் அவர்களுடையதுதான். ஆனால் அடையாளங்களை ஒழுங்குபடுத்தி ஒரு சின்னமாக்கும் கலை தமிழருக்குப் பழையது. சேரருக்கு வில், சோழருக்குப் புலி, பாண்டியருக்குக் கயல் என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்தோம். முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. அவற்றைக் கோத்த வளையத்தின் முத்திரையில் அமர்ந்த புலி, இரண்டு கயல், வில், மேலே குடை, இரு பக்கமும் சாமரம் என்று எல்லாம் ஒரே வட்டத்துக்குள் அடங்கியிருக்கின்றன. சோழன் தன் புலியோடு பாண்டியனின் கயலையும் சேரனின் வில்லையும் சேர்த்துக்கொண்டதன் பொருள், அவர்கள் நாடும் தன் குடைக்கீழ் என்பதாகும். ஓர் அரசியல் செய்தியை உள்ளங்கையளவு உலோகத்தில், நிறமே இல்லாமல், உருவத்தால் மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

எமது தீவிலும் இந்த வழக்கம் இருந்தது. யாழ்ப்பாண அரசர்களின் காசுகளில் நந்தியும் பிறையும் ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும் உண்டு. பிரித்தானியர் இலங்கைக்கென்று வைத்திருந்த சின்னத்தில் யானையும் தாதுகோபமும் நின்றன. 1948இல் கண்டி அரசின் சிங்கக்கொடி மீண்டும் ஏற்றப்பட்டது. தமிழரையும் முஸ்லிம்களையும் குறிக்கும் செம்மஞ்சள், பச்சைப் பட்டைகள் 1951இல் அதிலே சேர்ந்தன. 1972இல் குடியரசானபோது இன்றைய அரச இலச்சினை வந்தது. நடுவே வாளேந்திய சிங்கம், அதைச் சுற்றித் தாமரை இதழ்கள், கீழே ஒரு கலசம், கலசத்திலிருந்து எழுந்து இருபுறமும் வளையும் நெற்கதிர்கள், அடியில் சூரியனும் சந்திரனும், உச்சியில் தர்மச்சக்கரம். எங்கள் தலைமுறையினர் பாடப்புத்தகத்தின் முதற்பக்கத்தில் தினமும் கண்ட சின்னம் அது.

அதிலே நெல் இருக்கிறது, தேயிலை இல்லை. ஒரு நாட்டின் இலச்சினையில் எல்லாவற்றையும் வைக்க முடியாது, இதைக் குறையாகச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் கொழுந்துக் கூடையின் கூலியில் படிக்க வந்த பிள்ளைகள் நாங்கள். எங்கள் தாய்மார் நாள் முழுக்கத் தொட்ட பொருளைக் கேடயத்தில் வைத்து, ‘இதுவும் மதிப்புக்குரியது’ என்று எவரோ ஒருவர் எமது பாடசாலையில் தீர்மானித்திருக்கிறார். அவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அவர் வைத்த மொட்டாவது அவர் வைத்த இடத்தில் இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஐரோப்பிய இலச்சினைக் கலை 12ஆம் நூற்றாண்டில், முகத்தை மறைக்கும் தலைக்கவசத்தோடு போரிட்ட வீரர்களை அடையாளங்காணும் தேவையோடு வளர்ந்தது. அதிலே எம்மைப் போன்றவர்களுக்குப் பயன்படும் மூன்று வழக்கங்களைக் கண்டேன்.

முதலாவது, அவர்களுக்கு இலச்சினை என்பது சொல்லால் எழுதப்பட்ட வருணனை. ‘நீலப் புலத்தில் பொன்நிற விளக்கு’ என்று எழுதிவைத்தால் போதும். அந்தச் சொற்களுக்கு அமைய எந்த ஓவியர் எப்படி வரைந்தாலும் அது அதே இலச்சினைதான். சொல் இல்லாதபோது என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டின் கோபுரச் சின்னமே சாட்சி. 1949இல் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்த சின்னம் அது. அந்தக் கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூரா, மதுரையா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. ஓர் அரசாங்கத்தின் சின்னத்துக்கே இந்த நிலை என்றால், மலையகத்துப் பாடசாலையின் கொழுந்துக்கு என்ன பாதுகாப்பு?

இரண்டாவது, நிறங்களைப் பற்றிய விதி. பொன்னும் வெள்ளியும், அதாவது மஞ்சளும் வெள்ளையும், ‘உலோகங்கள்’. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா ஆகியவை ‘நிறங்கள்’. நிறத்தின்மேல் உலோகம் வரலாம், உலோகத்தின்மேல் நிறம் வரலாம், ஆனால் நிறத்தின்மேல் நிறமோ உலோகத்தின்மேல் உலோகமோ வரக்கூடாது. காரணம் எளிது: தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. எமது நான்கு பிரதிகளிலும் பச்சைப் புலத்தில் பச்சைக் கொழுந்து இருந்தது. இலை என்றால் பச்சைதானே என்று யாரோ மாற்றியிருக்கவேண்டும். பச்சையில் பச்சை மங்கியதும், தெரிவதற்காக வெள்ளைக் கரை போட்டிருக்கிறார்கள். மெல்லிய மொட்டைச் சுற்றிக் கரை போட்டபோது மொட்டு பருத்தது. துணியில் தைத்தபோது இன்னும் பருத்தது. கடைசியில் அது மூன்றாவது இலையாகிவிட்டது. மூவிலை என்பது ஐரோப்பிய இலச்சினைகளில் வேறொரு சின்னம், அயர்லாந்துக்காரரின் அடையாளம். எவரும் வேண்டுமென்று செய்யவில்லை. நகலுக்கு நகல் எடுத்து எடுத்தே எமது தேயிலை ஐரிஷ் புல்லாகிவிட்டது.

ஆனால் இவையெல்லாம் அப்போது என் ஊகம் மட்டுமே. கொழுந்து முதலில் பொன்நிறமாக இருந்தது என்பதற்குச் சான்று வேண்டுமே. அதைத் தந்தது மூன்றாவது வழக்கம்.

லண்டனில் வாழும் எமது அக்கா ஒருவர், தாம் பரிசாகப் பெற்ற புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டியிருந்த பரிசுச்சீட்டைப் படம்பிடித்து அனுப்பினார். கறுப்பு மையில் அச்சான சிறிய இலச்சினை. அதன் மேற்பாதியில் நெருக்கமான கிடைக்கோடுகள், கீழ்ப்பாதியில் சாய்கோடுகள், கொழுந்தின் மேல் புள்ளிகள். “அச்சுக் கொஞ்சம் அழுக்காக இருக்கிறது, துடைத்துக்கொள்ளுங்கள்” என்று அக்கா எழுதியிருந்தார். நல்லவேளை, நான் துடைக்கவில்லை. ஒரே மையில் அச்சிடும்போது நிறங்களைக் காட்ட ஒரு முறை உண்டு. 1638இல் சில்வெஸ்டர் பெத்ரா சாங்க்தா என்ற யேசுசபைத் துறவி உரோமில் வெளியிட்ட நூலால் பரவிய முறை அது. புள்ளி என்றால் பொன், வெறுமை என்றால் வெள்ளி, கிடைக்கோடு நீலம், நிலைக்கோடு சிவப்பு, இடப்பக்க மேல்மூலையிலிருந்து வலப்பக்கம் இறங்கும் சாய்கோடு பச்சை, குறுக்கும் நெடுக்குமான கோடு கறுப்பு. அந்தப் பரிசுச்சீட்டை வரைந்தவருக்கு இது தெரிந்திருக்கிறது. கொழுந்தின் மேலிருந்த புள்ளிகள் அழுக்கல்ல, பொன்.

நிறம் தெரிந்தது. ஆனால் சீட்டு மிகச் சிறியது, மொட்டின் வடிவம் அதிலே தெளிவில்லை. அந்த வடிவம் கடல் கடந்து வந்தது.

1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எமது மலர்களில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சமுள்ள 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று இரண்டு அரசுகள் எண்ணிப் பிரித்தன. அந்த எண்ணிக்கைக்குள் எமது வகுப்புத் தோழிகளும் இருந்தார்கள். வங்கிசைகளும் பித்தளைப் பாத்திரங்களும் கட்டிக்கொண்டு தலைமன்னாருக்குப் போனவர்களின் கையில் பாடசாலை விடுகைப் பத்திரமும் இருந்தது. தாம் யார், எவ்வளவு படித்தவர் என்று புதிய ஊரில் காட்ட அவர்களிடமிருந்த தாள்களில் அதுவும் ஒன்று. நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்தெடுத்தவர்கள் பலர். அவ்வாறு போன ஒரு அக்காவின் மகள், அம்மாவின் விடுகைப் பத்திரத்தைத் தொலைபேசியில் படமெடுத்து அனுப்பினார்.

பத்திரத்தில் மை மங்கிவிட்டது. மாணவியின் பெயரைக்கூடக் கஷ்டப்பட்டுத்தான் படிக்கவேண்டும். ஆனால் கீழ்மூலையில் அதிபர் இரும்புக் கைப்பிடியால் அழுத்திய புடைப்பு முத்திரை அப்படியே இருந்தது. விளக்கொளியைப் பக்கவாட்டில் பிடித்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். அந்தப் படத்தில் எல்லாம் எழுந்து நின்றது. ஐந்து திரி. வளைந்தோடும் மூடுபனி. கொழுந்தில் இரண்டு இலை, நடுவே ஈட்டிமுனைபோல் மெலிந்து நிமிர்ந்த மொட்டு. சோழரின் செப்பேட்டு முத்திரையில் கண்ட அதே உண்மைதான்: நிறத்தை நம்பாமல் உருவத்தை நம்பிச் செய்த சின்னம் நெடுங்காலம் நிலைக்கும்.

இனி வரைந்த முறையைச் சொல்கிறேன். இதை வாசிக்கும் தங்கைமாரில் எவராவது தம் தோட்டப் பாடசாலைக்கோ கோயிலுக்கோ இதே வேலையைச் செய்ய நேரலாம்.

கணினியில் படங்கள் இரண்டு வகை. புகைப்படம் போன்றவை சின்னஞ்சிறு நிறச்சதுரங்களால் ஆனவை; பெரிதாக்கினால் சிதறும். மற்றது கோடுகளையும் வளைவுகளையும் கணக்காகச் சேமிப்பது. முத்திரையளவிலும் வாயிற்பலகையளவிலும் ஒரே கூர்மை. அந்த வளைவுக் கணக்கை, கார் உடலின் வளைவுகளை வரைவதற்காக, பிரான்சில் சிட்ரோன் நிறுவனத்தின் பால் டி காஸ்தெல்ஜோவும் ரெனோ நிறுவனத்தின் பியர் பெசியேயும் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியே உருவாக்கினார்கள். 1987இல் இல்லஸ்ட்ரேட்டரும் 1989இல் கோரல்ட்ராவும் அதை ஓவியர் கைக்குக் கொண்டுவந்தன. எமது ஊர் அச்சகங்களில் கலியாண அழைப்பிதழ் முதல் தேர்தல் சுவரொட்டி வரை கோரல்ட்ராவில்தான் பிறந்தன. நான் இந்த வேலைக்கு இங்க்ஸ்கேப்பைப் பயன்படுத்தினேன். 2003இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. எந்தப் பாடசாலையும் காசின்றி நிறுவிக்கொள்ளலாம். அது சேமிக்கும் எஸ்.வி.ஜி. என்ற கோப்புவகை 2001 முதல் உலகப் பொதுத்தரம்.

முத்திரையின் படத்தை அடித்தளத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, மேலே பேனாக் கருவியால் வரையத் தொடங்கினேன். படத்தைத் தானாகவே கோடாக்கித் தரும் வசதியும் உண்டு. அதை ஒருமுறை பார்த்தேன். மடிப்பையும் கறையையும் சேர்த்து ஆயிரக்கணக்கான புள்ளிகளாக அள்ளித் தந்தது. அதற்கு எது திரி, எது தாளின் சுருக்கம் என்று தெரியாது. கையால் வரையும்போது ஒவ்வொரு கோட்டையும் நாமே தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. ‘இது என்ன?’ என்று கேட்காமல் ஒரு வளைவையும் போட முடியாது. கேடயத்துக்கும் விளக்குக்கும் பாதியை வரைந்து மறுபாதியைக் கண்ணாடிப் பிரதியாகத் திருப்பினேன். கொழுந்துக்கும் அப்படியே செய்தேன். ஓர் இலையை வரைந்து, திருப்பி, நடுவே மொட்டை வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

தோட்டத்தில் முப்பத்தாறு வருடம் கொழுந்தெடுத்த என் அம்மா, இப்போது பட்டிப்பொலவில் என்னோடு இருக்கிறார். தேநீர் கொண்டுவந்தவர் திரையைப் பார்த்துவிட்டு நின்றார்.

“என்னம்மா, ரெண்டு எலையும் ஒரே கணுவுல வச்சிருக்கே? தேயிலையில அப்படி வராதே. ஒண்ணு மேல, ஒண்ணு கீழதான் வரும்.”

முத்திரையின் படத்தைத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மா சொன்னபடியேதான் இருந்தது. இடப்பக்க இலை ஒரு கணு கீழே, வலப்பக்க இலை ஒரு கணு மேலே. இரண்டு மாதமாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது முத்திரையின் தேய்மானமாகத் தெரிந்தது. அம்மாவுக்கு ஒரே பார்வையில் தேயிலையாகத் தெரிந்தது. இலச்சினையை முதலில் வரைந்தவர் யாராயினும், புத்தகத்தைப் பார்த்து வரையவில்லை, செடியைப் பார்த்து வரைந்திருக்கிறார். திருப்பிய இலையை அழித்துவிட்டு, கணுவுக்குக் கணு புதிதாக வரைந்தேன். மென்பொருளில் வளைகோட்டைத் தாங்கும் புள்ளிகளையும் கணு என்றுதான் சொல்கிறோம். மொட்டுக்கு ஆறு கணு போதுமாக இருந்தது.

கடைசி வில்லங்கம் மகுடவாசகம். முன்பு கடிதத்தலைப்பு செய்யப்பட்ட கணினிக் கோப்பைத் திறந்தால், ‘ஒளியும் உழைப்பும்’ இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் காணாமற்போகும். ஆகவே ஒருங்குறியில் தட்டச்சிட்டு, நாடாவின் வளைவோடு ஓடவிட்டு, எழுத்துகளையும் கோடுகளாக மாற்றிவிட்டேன். இனி எந்தக் கணினியில் திறந்தாலும் அது தமிழாகவே இருக்கும். பிறகு எழுத்தில் திருத்த முடியாது என்பதால், மாற்றுவதற்கு முந்திய பிரதி ஒன்றையும் தனியே வைத்திருக்கிறேன்.

முடிந்த சின்னத்தை மூன்று சோதனைக்கு உட்படுத்தினேன். கறுப்பு மையில் மட்டும் அச்சிட்டேன். இறப்பர் முத்திரையின் அளவுக்கு, ஒன்றரை சென்றிமீற்றருக்குக் குறுக்கினேன். தையற்காரரிடம் கொடுத்துத் துணியில் தைக்கச் செய்தேன். பச்சைப் புலத்தில் பொன்நூலில் எழுந்த கொழுந்தின் மொட்டை மூன்றிலும் காண முடிந்தது. தைத்த துணியை அம்மாவிடம் கொடுத்தேன். விரலால் மொட்டைத் தடவிப் பார்த்து, “இதைக் கிள்ளலாம்” என்றார்.

ஐரோப்பியரின் முதலாவது வழக்கத்தை நாமும் கைக்கொள்ளவேண்டும். ஆகவே எமது இலச்சினையை இப்போது சொல்லில் எழுதிவைக்கிறேன். படங்கள் அனைத்தும் அழிந்தாலும் இந்தச் சொற்களைக் கொண்டு எவரும் திரும்ப வரையலாம்:

கேடயம் கிடையாக இரண்டாகப் பிரிந்தது; மேலே நீலம், கீழே பச்சை. பிரியும் இடத்தில் வளைந்தோடும் வெள்ளிப் பட்டை. நீலத்தில் ஐந்து திரி எரியும் பொன்நிறக் குத்துவிளக்கு. பச்சையில் பொன்நிறத் தேயிலைக் கொழுந்து: இரண்டு இலை, ஒரு மொட்டு, இடப்பக்க இலை ஒரு கணு கீழே, மொட்டு இலைகளைவிட உயர்ந்தது. கேடயத்தின் அடியில் வெள்ளி நாடா, அதில் கறுப்பு எழுத்தில் ‘ஒளியும் உழைப்பும்’.

வரைந்த கோப்பையும் இந்த வருணனையையும் பாடசாலை நூலகத்திலும் சங்கச் செயலாளரிடமும் கொடுத்திருக்கிறேன். கிளைச் சங்கங்கள் அழைப்பிதழுக்கோ பதாகைக்கோ அங்கிருந்தே கேட்டுப் பெறுங்கள். இந்த மலரின் அட்டையைப் படம்பிடித்து அதிலிருந்து நகலெடுக்கவேண்டாம். மொட்டு தொலைந்தது அப்படித்தான்.

இன்னுமொரு வேண்டுகோள். உங்கள் பெட்டிகளின் அடியில் விடுகைப் பத்திரமோ பரிசுப் புத்தகமோ பழைய துணிச்சின்னமோ இருந்தால், பயனற்றது என்று எறியாமல் படமெடுத்து அனுப்புங்கள். அழுக்கு என்று தோன்றும் புள்ளிகளைத் துடைக்கவும் வேண்டாம். நீலகிரிக்குப் போன அந்த அக்கா இப்போது இல்லை. அவர் பத்திரமாக வைத்திருந்த ஒரு தாளின் மூலையிலிருந்துதான் இந்த மலரின் அட்டைக்கு எமது மொட்டு திரும்பி வந்திருக்கிறது.